முதலில் நம்ம பக்கம்

அவரைச் சண்டைக்கு இழுப்பது கஷ்டம். நான் முயன்று பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். ஒயர்லெஸ் செட்டு சரியாகக் கேட்கவில்லை என்று போனில் பத்து நிமிடம் பொரிந்து தள்ளுவேன். மறுமுனையில் ‘ம்... ம்...’ என்று கேட்டுக்கொண்டிருப்பார். நான் மூச்சு வாங்க நிறுத்துகிற நேரம் பார்த்து, “வர்றேன் அக்கா. மொதல்ல நம்ம பக்கம் பாப்போம்” என்பார். அவ்வளவுதான். அதற்குமேல் திட்ட எனக்கே சலித்துவிடும்.

எங்கள் ஊரில் அவருக்கு ‘செட்டு பாய்’ என்று பெயர். சொந்தப் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் “எம் பேரு எதுக்கு அக்கா அதுல?” என்று நெளிவார், அதனால் விட்டுவிடுகிறேன். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கப்பல் ஒயர்லெஸ்களைப் பார்க்கும் வேலையில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, வாப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் காரைக்காலுக்குத் திரும்பி வந்து கடை போட்டவர். என்னைவிட ஆறேழு வயது இளையவர். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் டெஸ்டரோடு ஒரு பழைய பல் துலக்கும் பிரஷும் எப்போதும் இருக்கும். எதற்கு என்று முதல் நாளே கேட்டேன். “உங்க ஊருல பாதி ரிப்பேருக்கு இது போதும் அக்கா. உப்பத் தேய்க்க” என்றார்.

எங்கள் வீடு திருவேட்டக்குடியில் கடலைப் பார்த்த முதல் வரிசை. எங்களுக்கு இரண்டு பைபர் படகுகள். ஒன்றில் என் வீட்டுக்காரர் போவார், இன்னொன்றில் கொழுந்தனார். மொட்டைமாடியில் உயரமாக ஏரியல், கீழே முன்னறை மேசைமேல் ஒரு செட்டு. படகிலிருந்து பேசுவதைக் கேட்டு ஐஸுக்குச் சொல்வது, வியாபாரிக்குப் போன் போடுவது எல்லாம் என் வேலை. கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் செல்போனில் சிக்னல் செத்துவிடும். பிறகு அந்தச் செட்டுதான் எல்லாம். ஊர்ப் படகுகள் எல்லாம் ஒரே சேனலில் பேச வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. யார் எங்கே இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியும் அல்லவா.

அவர் எங்கள் வீட்டுக்கு முதல்முதலாக வந்தது அந்தச் செட்டுக்காக இல்லை. என் வீட்டுக்காரர் வானிலைச் செய்தி கேட்கிற ரேடியோவுக்காக. அதில் செய்தியைவிடக் கொரகொரப்புதான் அதிகம். ஸ்டேஷன்காரர்கள் தூங்குகிறார்கள் என்பது என் முடிவு. பாய் வந்தார், ரேடியோவைத் திறக்கவே இல்லை. கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பினார். ஒரு பக்கம் திருப்பினால் இரைச்சல் குறைந்தது, இன்னொரு பக்கம் கூடியது. பிறகு அதை ஏந்திக்கொண்டு அறை அறையாக நடந்தார். திருடனை மோப்பம் பிடிக்கிறாரா என்று நான் கேலி செய்தேன். சமையலறை வாசலில் கொரகொரப்பு காதைக் கிழித்தது. நிலைக்கு மேலே நான் சந்தையில் ஆசையாக வாங்கி மாட்டிய மலிவு எல்.இ.டி. விளக்கு. அதை அணைத்தார். அறிவிப்பாளரின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வந்தது.

“ஸ்டேஷன்காரங்க முழிச்சுக்கிட்டுதான் இருக்காங்க அக்கா” என்றார். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

இன்னொரு முறை, படகிலிருந்து பேசுவது செட்டில் எட்டாமல் போனது. முன்பெல்லாம் கடலில் வெகுதூரத்திலிருந்தே குரல் கேட்டவர்கள் கரைக்குப் பக்கத்தில் வந்த பிறகே வாயைத் திறப்பது போலிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் புதிதாக மாடி எழுப்பியிருந்தார்கள். அந்தச் சுவர்தான் மறைக்கிறது என்று அவர்கள் வாசலில் நின்று நான் பேசிய பேச்சைத் தெருவே கேட்டது. பாய் எங்கள் மாடிக்கு ஏறி, ஏரியல் கம்பியின் இணைப்பைக் கழற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. உப்புக் காற்றும் மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கியிருந்தன. பிரஷை எடுத்துத் தேய்த்தார், புது இணைப்புப் போட்டு ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றினார். செட்டு பழையபடி கேட்டது. கிளம்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அக்கா, பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் மீன் கொழம்பு குடுத்து விட்டுருங்க.”

கொடுத்தேன். வஞ்சிரக் குழம்பு. அவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

இந்தக் குணம் அவருக்குச் செட்டோடு நிற்கவில்லை. ஒரு பெருநாளைக்கு அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவர் மனைவி பிரியாணியைப் பரிமாறிக்கொண்டே என்னிடம் புலம்பினார். “இவரோட எப்புடிக் குடும்பம் நடத்துறது, நீங்களே சொல்லுங்க. தெருவுல ஒருத்தன் இவர் கால மிதிச்சுட்டுப் போனாக்கூட, அந்த எடத்துல நம்ம கால் எதுக்கு இருந்துச்சுன்னு யோசிப்பாரு.” பாய் தலையைக் குனிந்து எலுமிச்சை ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கும் அன்று அது கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் பட்டது. மனுஷன் ஒரு தடவையாவது அடுத்தவனைத் திட்ட வேண்டாமா?

ஒரே ஒரு முறை நம்ம பக்கம் தப்பில்லை என்று அவர் வாயாலேயே கேட்டேன். மாசி முடிகிற சமயம், கடல் அசையாமல் கிடந்தது. சாயங்காலம் நான் கேட்கிற வெளியூர் எஃப்.எம். இருக்க வேண்டிய இடத்தில் யாழ்ப்பாணத் தமிழில் சோப்பு விளம்பரம் ஓடியது. உடனே போன் போட்டேன்.

“இதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது அக்கா. கடல் மேல காத்து, கீழ குளுந்தும் மேல சூடாவும் தட்டுத் தட்டா நிக்கிது. மேல போயிடுற அலை, போவாம மடங்கிக் கடலோடயே ஓடி வந்துருது. ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

“சரி, என் ஸ்டேஷன் எங்க போச்சு?”

“அதுவும் அங்கயேதான் இருக்கு. எஃப்.எம்.ல ஒரே எடத்துல ரெண்டு பேரு பேசுனா, பலமா வர்றவன் குரல் மட்டுந்தான் கேக்கும். இன்னொருத்தன் பேசுறதே தெரியாது. கத்துனாலும் தெரியாது.”

அந்தப் பேச்சை நான் அன்றே மறந்துவிட்டேன். அந்த ஆண்டின் விஜயதசமி அன்று அது எனக்கு நினைவுக்கு வரும் என்று யார் கண்டது.

அந்த வாரம் கொழுந்தனாரின் படகில் இன்ஜினைக் கழற்றி வேலைக்குக் கொடுத்திருந்தோம். படகு மணலில் ஏற்றிக் கிடந்தது. கடலுக்குப் போகாத படகு என்று அதை ஆயுத பூஜையில் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நானே ஏறிக் கழுவி, ஏரியல் கம்பத்தில் மாலை கட்டி, பேட்டரிக்கு, விளக்குக்கு, செட்டுக்கு, மைக்குக்கு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். மறுநாள் விஜயதசமி. விடியும் முன்பே என் வீட்டுக்காரர் இரண்டு பேரோடு தன் படகில் கிளம்பினார். ஊர்ப் படகுகள் இன்னும் சிலவும் போயின. மறுபூஜை முடித்துக் கருவிகளை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஓட்ட இன்ஜின் இல்லையே, செட்டாவது போடுவோம் என்று அந்தப் படகில் சுவிட்சைப் போட்டேன். நல்ல நாள், கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் செட்டு அமைதியாக இருந்தது. காலையில் கேட்ட பேச்சு அப்புறம் இல்லை. நல்ல மீன் பாடு கிடைத்திருக்கும், பேச நேரமில்லை போல என்று நானும் பாயசம் கிளறிக்கொண்டிருந்தேன்.

நண்பகலுக்குள் எல்லாப் படகும் வந்துவிட்டன. என் வீட்டுக்காரரின் படகு மட்டும் வரவில்லை. வந்தவர்களைக் கேட்டால், “செட்டுல யாரும் பேசலியே” என்றார்கள். இரண்டு மணிக்கு வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. வானம் கிழக்கே கறுத்தது. நான் மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். பதில் இல்லை. போன வாரம்தான் பாய் வந்து எங்கள் செட்டுகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவருக்குத்தான் போன் போட்டேன்.

“என்ன வேல பாத்தீங்க நீங்க? செட்டு செத்துக் கெடக்கு. எம் புருஷன் கடல்ல இருக்காரு. அவருக்கு ஒண்ணுன்னா உங்கள சும்மா விட மாட்டேன்.”

அவர் வழக்கம்போல் ‘ம்’ போடவில்லை. “அக்கா, எரைச்சல் கேக்குதா?” என்று மட்டும் கேட்டார்.

“அதுகூட இல்ல. சுத்தமா இருக்கு.”

“சுத்தமா இருக்கா?” கொஞ்சம் தயங்கினார். “எதையும் தொடாதீங்க. வர்றேன்.”

இருபது நிமிடத்தில் வண்டியில் வந்து இறங்கினார். கொழுந்தனார் அதற்குள் அடுத்தவர் படகை வாங்கி, வீட்டுக்காரர் வழக்கமாக வலை விடும் வடகிழக்குப் பக்கம் தேடப் போவதாகத் தள்ளிக்கொண்டிருந்தார். பாய் செட்டின் முன்னால் உட்கார்ந்து, இரைச்சலை அடக்குகிற குமிழைக் கடைசிவரை திருப்பித் திறந்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. சேனலை மாற்றினார். அருவி விழுகிற மாதிரி ‘சோ’வென்று இரைச்சல். மறுபடி நம் சேனலுக்கு வந்தார். கப்பென்று அமைதி.

“செட்டு நல்லா இருக்கு அக்கா. யாரும் பேசலன்னா எரைச்சல் வரணும். அதுவும் வரலன்னா, யாரோ மைக் பட்டன அமுக்கிக்கிட்டே இருக்காங்க. பேசாம அமுக்கிக்கிட்டு இருக்காங்க. அண்ணன் கூப்புட்டாலும் அது அமுக்கிரும்.”

“எந்தப் பாவி அவன்? அவன் கைய ஒடிக்கணும்” என்று நான் வாசலில் நின்று கத்தினேன். மணலில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

அவர் செட்டின் பின்னாலிருந்து ஏரியல் கம்பியைக் கழற்றினார். அப்போதும் அதே அமைதி. “ஏரியல் இல்லாமயே இவ்வளவு பலமா வருதுன்னா ரொம்பப் பக்கத்துல இருக்கு. மொதல்ல நம்ம பக்கம் பாப்போம்” என்று எழுந்தார். கையடக்கச் செட்டு ஒன்றை எடுத்து, அதன் ஏரியலையும் திருகிக் கழற்றிவிட்டு, மணலில் ஏற்றியிருந்த படகுகளுக்கு நடுவே நடந்தார். அதன் சின்னத் திரையில் கோடுகள் கூடுவதையும் குறைவதையும் பார்த்துக்கொண்டே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். முதல் படகு, இரண்டாவது படகு, வலைக் குவியல். கோடுகள் கூடிக்கொண்டே வந்தன. அவர் நின்ற இடம் எங்கள் கொழுந்தனாரின் படகு.

ஏறிப் பார்த்தோம். மைக்கில் பேசுகிற பட்டன் உள்ளே அழுந்திக் கிடந்தது. அதன் மேலேயும் விளிம்பைச் சுற்றியும் கெட்டியாகச் சந்தனம், சிமெண்ட் மாதிரி காய்ந்து போயிருந்தது. நடுவில் குங்குமம், என் விரல் அளவுக்கு. சத்தம் போகிற துளைகளும் சந்தனத்தில் அடைந்திருந்தன. முந்தின நாள் ‘இந்தப் பட்டன்தானே கடல்ல துணை’ என்று சொல்லிக்கொண்டே நான்தான் கட்டைவிரலால் அழுத்தி அப்பினேன்.

பாய் கரையில் நின்றவர்களுக்கு மறைப்பாக முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சுவிட்சை அணைத்தார். பையிலிருந்து அந்தப் பல் துலக்கும் பிரஷை எடுத்துச் சந்தனத்தைச் சுரண்டி, கைக்குட்டையால் துடைத்தார். பட்டன் ‘டக்’கென்று மேலே வந்தது. “வீட்டுக்கு ஓடுங்க. ஏரியலச் சொருகிட்டுக் கேளுங்க” என்றார்.

ஓடினேன். கம்பியைச் சொருகிய உடனே இரைச்சல் வந்தது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி, என் வீட்டுக்காரரின் குரல். “கேக்குதா... யாருக்காச்சும் கேக்குதா... நாகூர் மினாரு மங்கலாத் தெரியிது... இன்ஜின் போயிருச்சு, தண்ணி உள்ள வருது... கேக்குதா...” எத்தனை மணி நேரமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாரோ, குரலில் நம்பிக்கையே இல்லை.

“கேக்குதுங்க, கேக்குதுங்க” என்று நான் அழுதுகொண்டே சொன்னது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. நீரோட்டம் அவர்களைத் தெற்கே இழுத்துப் போயிருக்கிறது. கொழுந்தனார் தேடவிருந்தது நேர் எதிர்ப்பக்கம். விஷயத்தைச் சொன்னதும் படகின் தலையைத் தெற்கே திருப்பிக்கொண்டு போனார்கள். பொழுது சாயும்போது மூன்று பேரையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். படகில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் இருந்ததாம்.

உயிர் வந்த பிறகுதான் ஊருக்குக் கோபம் வந்தது. வீட்டுக்காரரைப் போர்வை சுற்றி உட்கார வைத்திருந்தோம். கொழுந்தனார் ஈர உடம்போடு வந்து, “எவன் படகு பாய் அது? சொல்லுங்க, ஊரக் கூட்டிருவோம்” என்றார்.

நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை. எப்போதும் மூடாத வாய், அன்றைக்கு மூடிக்கொண்டது.

பாய் சொன்னார்: “உங்க படகுதான். போன வாரம் நான் பாத்த செட்டு. மைக் பட்டன் ஒட்டிக்கிச்சு. நான் கவனிச்சிருக்கணும். தப்பு எம்மேல.”

கொழுந்தனார் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். “எங்க அண்ணன் செத்துருந்தா?” என்று உலுக்கினார். பாய் கையைக்கூடத் தூக்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் போர்வையோடு எழுந்து வந்து விலக்கினார். பாய் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்வரை நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். ஜும்மா முடிந்து அப்போதுதான் திறந்திருந்தார். “ஏன் பாய் பொய் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“பொய் இல்ல அக்கா” என்றார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. “பூச வருதுன்னு எனக்குத் தெரியும். எல்லாத்துக்கும் சந்தனம் வப்பீங்கன்னும் தெரியும். மைக்க ஒரு பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டிக் குடுத்துருக்கணும். எனக்குத் தோணல.”

“அதுக்காக? நான் சொல்லியிருக்கணும்ல?”

“அது உங்க பக்கம் அக்கா. அத நான் எப்புடிப் பாக்க முடியும்?”

நான் சொல்லவில்லை. ஊரில் பாதிப் பேர் அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து வேறு ஆளைக் கூட்டி வந்தார்கள். ‘செட்டு பாய்’ என்ற பெயர் ‘கோட்டை விட்ட பாய்’ என்று ஆனது. எங்கள் வீட்டுக்கு மட்டும் அவர் வந்துகொண்டிருந்தார். கொழுந்தனார் இருந்தால் அவரைப் பார்த்து ஸலாம் சொல்வதுபோல் தலையசைத்துவிட்டு மாடி ஏறுவார். போன சித்திரையில் மனைவியோடு மறுபடி வளைகுடாவுக்குப் போய்விட்டார். பழைய துறைமுகத்திலேயே கூப்பிட்டார்கள், நல்ல வேலை, உங்க ஊருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று போனில் சிரித்தார். நான் நம்பினேன் என்று சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் இப்போதும் தினமும் கடலிலிருந்து வந்து, சாப்பிட்டு, அந்த ரேடியோவில் வானிலை கேட்டுக்கொண்டே தூங்கிப்போகிறார். அந்தக் குறட்டையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பாயின் முதுகுதான் கண்ணில் நிற்கிறது. படகில் என்னை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒல்லி முதுகு. நான்கு உயிரை அன்றைக்கு அவர் காப்பாற்றினார் என்றுதான் நான் நினைக்கிறேன். மூன்று கடலில் இருந்தன.

இந்த வருஷம் ஆயுத பூஜை அன்று இரண்டு படகு மைக்குகளையும் பிளாஸ்டிக் பையில் போட்டு நூலால் கட்டினேன். பைக்கு மேலே சந்தனம் வைத்தேன். கரையில் நின்ற கொழுந்தனார் பார்த்துவிட்டு, “இது என்ன அண்ணி புதுப் பழக்கம்?” என்று சிரித்தார். பக்கத்துப் படகுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். அன்றைக்குப் பட்டனில் சந்தனத்தை அப்பியது நான், சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்தது நான், பாய் சட்டையை நீங்கள் பிடித்தபோது பார்த்துக்கொண்டு நின்றதும் நான்.

என் வீட்டுக்காரர் மாலையைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். அன்று செட்டில் கேட்டேனே, அதே சுத்தமான அமைதி.

பிறகு கொழுந்தனார் ஆரம்பித்தார். “இத்தன நாளா ஏன் அண்ணி சொல்லல? அந்த மனுஷன் முகத்துல நான் எப்புடி முழிப்பேன்?” அவரைத் தொடர்ந்து பக்கத்துப் படகுக்காரர், அவர் மனைவி, மாடி கட்டிய வீட்டுக்காரர்கள், கரையில் இருந்த அத்தனை பேரும் பிடித்துக்கொண்டார்கள். ஆளாளுக்குத் திட்டினார்கள். ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்கவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவே என் வீட்டுக்காரர் மாலையை என் கையில் கொடுத்துவிட்டு, “பாய் நம்பரப் போடு” என்றார்.